அலங்காரத்துக்கு மட்டும்

மூன்று குடுவைகள்.
அடியில் துளை, ஒயர், வாயில் ஹோல்டர், வெள்ளிக்கிழமைக்குள்.
உம்லாங்காவில் ஏதோ விடுதியாம், வரவேற்பு மேசைக்கு.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒட்டியிருந்தது:
டூட்ஸி பால் குடுவை. அலங்காரத்துக்கு மட்டும்.
உணவுப் பொருள் வைக்க வேண்டாம்.

டர்பன், ஃபுளோரிடா ரோடு, கடையின் பின்னறை.
பன்னிரண்டு எம்எம் பிட்.
முதல் மரம் சோப்புக்கட்டி போல வழிவிட்டது,
விரலில் கறுப்பு ஷூ பாலிஷ்.
இரண்டாவதும் அதே ரகம்.

மூன்றாவதற்கு இடுப்பு சற்றே கோணல்.
உதட்டோரம் ஒரு விரிசலை
செம்புக் கம்பியால் யாரோ தைத்திருந்தார்கள்.
பிட் சூடேற ஏற
மரத்தூள் மணக்கவில்லை.
புகை மணந்தது. புகைக்கு அடியில் புளிப்பு,
கழுவாமல் விட்ட உறைமோர்க் கிண்ணம்.

இதைச் சொல்லிவிட வேண்டும்:
வாசம் முதலில் வந்தது.
நான் விசையை விடவில்லை.

தண்ணீர் பிடிக்க வந்த கயிரங்கா,
வெளியே கார்களுக்குக் காவல் நிற்பவர்,
குழாயை மூடாமலே திரும்பினார்.
மூக்கைக் குடுவைக்குள் வைத்தார்.
வைத்தபடியே இருந்தார்.
மஞ்சள் ஜாக்கெட்டின் பையில் சில்லறை கிலுங்கிற்று.
பிறகு கவிழ்த்து, அடியைத் தடவி,
சுண்டுவிரலை என் துளைக்குள் விட்டார்.
அளவெடுத்தது போல இருந்தது.

"புல்லைக் கொளுத்திப் புகை காட்டுவார்கள்.
அப்புறம்தான் பால்."
என்ன புல் என்றேன்.
"பெண்கள் வேலை. எனக்கென்ன தெரியும்."

என்னிடம் இருந்தது எபாக்ஸி, பாதி ட்யூப். எடுத்துக் காட்டினேன்.
சிரித்துவிட்டார். "பசையையா குடிப்பது?"
தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள்,
விரலை உருவிக்கொண்டு ஓடினார்.
குழாய் ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் மூடினேன்.

வெள்ளிக்கிழமை.
இரண்டுக்கு எல்ஈடி, கடைக்காரி சொன்னபடி.
மூன்றாவதற்கு
என் பெட்டியின் அடியில் கிடந்த பழைய இழை பல்பு,
இருபத்தைந்து வாட்,
ஹோல்டரை வாய்க்கு உள்ளே
நாலு விரற்கடை இறக்கி மாட்டினேன்.
விதிப்படி தப்பு. சான்றிதழில் கையெழுத்தும் போட்டேன்.

செவ்வாய் காலை விடுதியிலிருந்து ஃபோன்.
ஓரத்து விளக்கு எரிந்தால்
ஏதோ கெட்டுப்போன வாடை வருகிறதாம்,
இல்லை, கெட்டுப்போனதுகூட இல்லை,
என்னவென்று சொல்லத் தெரியவில்லையாம்,
ஒரு விருந்தாளி மட்டும் அறை மாற்றிக்கொள்ளாமல்
அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

வந்து பார்க்கிறேன் என்றேன்.
இன்னும் போகவில்லை.