நொடிக்கு ஆறு மில்லி

ஓர் இரும்புக் காலின் மேல் புனல்.
புனலுக்கடியில் தராசு, தராசிலிருந்து ஒரு வயர்,
வயரின் முடிவில், திரைக்கு இந்தப் பக்கம், நான்.
"அவசரமில்லை, வீட்டில் போவதைப் போலவே போங்கள்":
ஒரு நாளைக்குப் பதினாறு முறை சொல்கிறேன்.
வீட்டில் யார் தராசின் மேல் போகிறார்கள்?

விதின் நகரில் மார்ச். என் மணிக்கட்டில்
இன்னும் அவிழ்க்காத சிவப்பு வெள்ளைக் கயிறு.
டான்யூப் கரையை முட்டிக்கொண்டு ஓடுகிறது.
ஸ்தாமென் கியோர்கோவ், வயது எழுபத்தொன்று.
தொழில் என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்:
ஆறு அளப்பவர், ஓய்வு.
டாக்டரின் தாளில் ஒரே வரி: புராஸ்டேட் வீக்கம்?
கேள்விக்குறி மட்டும் மெலிந்திருந்தது,
அந்த வயது ஆணுக்கு
வேறென்ன வந்துவிடப் போகிறது என்பது போல.

முதல் முறை எண்பது மில்லி.
நூற்றைம்பதாவது வேண்டும், இல்லாவிட்டால் கோடு பொய் சொல்லும்.
"சின்ன ஓடையில் பெரிய மீட்டரை இறக்கினால் இப்படித்தான்" என்றார்,
சக ஊழியையிடம் குறைப்படுவது போல.
மூன்று கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனார்.
ஜன்னல் வழியே பார்த்தேன்: கரையில் நட்ட அளவுகோலை
குனிந்து படிக்கிறார், கடிதம் வந்த மாதிரி.
பன்னிரண்டு மணிக்குத் திரும்பினார்,
தொடைகளை நெருக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.
அந்த நடையை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன்.

திரைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
வாஷ்பேசின் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டேன்,
அது என் சொந்த வைத்தியம்.
பிறகு ஒரு முக்கல்.
பிறகு மழை விட்டபின் கூரை வடியும் சத்தம்,
வடிந்து
வடிந்து
நான் ஒரு முழு விலாசத்தை எழுதி முடிக்கும் வரை.

காகிதம் வெளியே வந்தது.
நல்ல உடம்பின் கோடு கவிழ்த்த மணி: ஏறும், இறங்கும்.
புராஸ்டேட் நெருக்கினால் தாழ்ந்த குன்று, நீண்ட வால்.
இது மேசை.
ஆறு மில்லிக்கு ஏறி, அங்கேயே ஐம்பது நொடி நின்று, விழுந்துவிட்டது.

நோயாளியிடம் காட்டக் கூடாது. காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.
"இது வறட்சி இல்லை அம்மா. மேலே தண்ணீர் இருக்கிறது.
எவ்வளவு முட்டினாலும் ஒரே அளவுதான் போகிறதென்றால்
கீழே எங்கோ வாய்க்கால் குறுகிக் கிடக்கிறது.
மதகைக் குறை சொல்லாதீர்கள்."
மதகு எதுவென்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"கீழே எப்போதாவது அடிபட்டதா?"
கேட்டுவிட்டு ஜெல் பாட்டிலைக் குலுக்கினேன்.
பதில் வர நேரமாகும் கேள்வி அது.

எண்பத்தைந்து, ஜனவரி. பனிக்கட்டி மிதந்த ஆறு.
அளவைப் படகில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.
கட்டி ஒன்று மோத, படகின் விளிம்பின் மேலேயே
குதிரையேறியவர் போல விழுந்தார்.
இரண்டு நாள் சிவப்பாகப் போனதாம்.
அன்றைய நீரளவைப் பதிவேட்டில் எழுதினார். இதை எழுதவில்லை.
மனைவியிடம்கூடவா சொல்லவில்லை?
"ராதோஸ்தினாவிடமா? முதலில் சிரித்திருப்பாள்,
பிறகு அழுதிருப்பாள். இரண்டுமே வலித்திருக்கும்."

அடிவயிற்றில் ஸ்கேன் வைத்தேன்.
போய் முடித்த பிறகும் உள்ளே நூற்றெண்பது தேங்கியிருந்தது.
அதையும் பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை, சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில்
வெள்ளையாக ஏறி வந்த குழாய்
ஓரிடத்தில் நூலாகி, மறுபடி குழாயானது.
ஒன்றரை சென்டிமீட்டர். நாற்பது வருடத் தழும்பு.
டாக்டர் வெலிச்கோவ் புராஸ்டேட்டை அடித்தார்,
கேள்விக்குறியை அடிக்க மறந்துவிட்டார்.

ஸ்தாமெனுக்கு அந்த மேசைக் கோட்டின் பிரதி வேண்டுமாம்.
கொடுத்தேன். திருப்பி நீட்டினார்:
"தேதி இல்லையே. தேதியில்லாத அளவு அளவே இல்லை."
எழுதினேன். பேனாவை வாங்கி அடியில் சேர்த்தார்:
நிலையம் விதின். பனி இல்லை.