ஒரு புள்ளி மிகை

மெஹ்ரோலியில் ஜூன் மாதம்.
பதினோரு மணிக்கே சாரத்தின் கம்பியைத் தொட முடியவில்லை.
மூன்றாம் தட்டில் குந்தியிருக்கிறேன்.
மூக்குக்கு ஒரு சாண் முன்னால்
மிஹ்ராபின் வளைவில் சுதை எழுத்துகள்.

கீழிருந்து பார்த்தால் வெறும் கொடி.
அலிஃபுகள் நெட்டுக்குத்தாக,
நூன்கள் கிண்ணம் கிண்ணமாக.
எங்கே இலை முடிகிறது
எங்கே சொல் தொடங்குகிறது என்று
படம் எடுக்க வருகிறவர்கள் கேட்பதில்லை.
கிட்டே வந்தால்தான் தெரிகிறது:
ஓரிடத்தில் கொத்தனுக்குக் கரண்டி வழுக்கியிருக்கிறது.
கட்டைவிரலால் அழுத்தி மறைத்திருக்கிறான்.
ஐந்நூறு வருஷமாக
அந்த ரேகை காய்ந்துகொண்டிருக்கிறது.

நான் காயல்பட்டினத்துக்காரி.
இந்த எழுத்தில் அரபும் ஓதுவேன்,
இதே எழுத்தில் தமிழும் படிப்பேன்.
ஓலை கிழியும் என்று
புள்ளி வைக்காமலே எழுதிப்போனவர்களின் மொழி என்னுடையது.
விட்ட புள்ளியைச் சேர்த்துப் படிக்கத் தெரியும்.
சேர்ந்த புள்ளியை என்ன செய்ய?

ஒரு குளவி
ரஹீமின் ஹாவுக்கு அடியில்
மண் உருண்டை ஒன்றை ஒட்டியிருக்கிறது,
நூல் பிடித்து வைத்தாற்போல்.
ஹா, ஜீம் ஆகிவிட்டது.
அருளாளன் இருந்த இடத்தில்
கல்லெறிந்து விரட்டப்பட்டவன்.

சட்டென்று கீழே பார்த்தேன்.
நல்லவேளை, யாரும் படிக்கவில்லை.
ஒருவர் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார்.

மங்ராவிடம் சொன்னேன்.
அவனுக்கு எந்த எழுத்தும் தெரியாது.
கும்லாவில் எழுதத் தெரிந்தவர்கள்தான்
எங்கள் நிலத்தை எடுத்தார்கள் என்பான்.
தூரிகையைத் திருப்பிப் பிடித்து,
"தட்டிவிடட்டுமா தீதி?" என்றான்.
பிறகு என்ன தோன்றியதோ,
சுவரில் காதை வைத்தான்.
"உள்ளே யாரோ இருக்காங்க."

கொட்டக் கொட்டக் குளவியாகும் என்கிறோமே,
அந்தப் புழு.
அதன் வீட்டை உடைத்தால்தான்
சொல்லுக்குள் இரக்கம் திரும்பும்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
விரிசல் உண்டு, உப்புப் பூத்தல் உண்டு,
புறா எச்சத்துக்கு இரண்டு வரி உண்டு.
'இதர' என்ற இடத்தில் எழுதினேன்:
ஒரு புள்ளி மிகை.
தானே காலியாகும்.
மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்.

மேலதிகாரி திட்டுவார். திட்டட்டும்.

மற்ற எழுத்துகளைக் கழுவினோம்.
சொட்டுச் சொட்டாகக் கரி இறங்கியது.
நடுவில் குளவி ஒருமுறை வந்து
ரேயின் வாலில் உட்கார்ந்து
எங்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் போனது.