எத்தனாவது

தனக்கொடி, செவ்வாய்க்கிழமை போறேன்னியே,
அதுக்குத்தான் மிஷினை நிறுத்திட்டுச் சொல்றேன்.

ஆதார் எடுத்துக்க. பேங்க் புக்கும்.
நெருப்பெரிச்சல் ஸ்டாப்புல இறங்கினா
எங்க செருப்பு நெம்பக் கிடக்குதோ
அதுதான் கர்ப்பிணிங்க வாசல்.

எடை பார்ப்பாங்க. நாப்பத்தொண்ணு எனக்கு.
ரெண்டு பெட்டி பனியன் கனந்தான் நான்.
கையில பட்டை கட்டி இறுக்குவாங்க,
பயந்துக்காதே, விட்டுரும்.
குளுக்கோஸ் தண்ணியை மூச்சுப் பிடிச்சுக் குடி,
வாந்தி எடுத்தா மறுபடி மொதல்லேர்ந்து.
பொறவு ரெண்டு மணி நேரம் சும்மா உக்காரணும்.
சும்மா!
நூத்தி நாப்பது கை கூட்டியிருப்பேன்னு மனசு கணக்குப் போட,
விரலு முந்தானை ஓரத்தைத்
தச்சுட்டே இருந்துச்சு.

கடைசியா எப்பக் குளிச்சீங்கன்னு கேட்டாங்க.
தேதி வரலை எனக்கு.
டென்மார்க் ஆர்டர் ஏத்துன சனிக்கிழமை ராத்திரிங்க,
பாத்ரூம் டோக்கனுக்கு ரெண்டுதரம் நின்னேன்னு சொன்னேன்.
சிஸ்டர் சிரிக்கலை.
காலண்டரைத் திருப்பிப் பதினாலுன்னு எழுதுனாங்க.
அந்தக் கன்டெய்னர் கிளம்புன நாள்லேர்ந்து
எம் புள்ளைக்கு வாரம் எண்ணுறாங்க.

சத்தம் கேக்கும்னு நினைச்சுட்டுப் போகாதே.
நான் போனேன்.
ஃபேன் சத்தம், வெளிய மினி பஸ் ஹாரன்,
அவ்வளவுதான்.
ஸ்கேனுக்கு வேற தேதி, டவுனுக்குப் போகணும்.

அப்புறம் அந்தக் கேள்வி.
எத்தனாவது?
அங்குராஜ் பக்கத்துல நின்னாரு.
மொதலுங்கன்னேன்,
ஒரம்பரைக்கெல்லாம் மாமியார் சொல்ற அதே குரல்ல.
சிஸ்டர் பேனாவை மூடிட்டாங்க.
ஏனுங்க, அக்கட்டப் போயி
ஆதாரை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கன்னு
அவரை அனுப்பிட்டு
மறுக்காக் கேட்டாங்க.

சொன்னேன்.
முந்தின வருச மாசி. பத்து வாரம்.
அரை நாள் சம்பளம் பிடிச்சது வரைக்கும் சொன்னேன்.

கர்ப்பம் ரெண்டு, குழந்தை சைபர்னு
கார்டுல எழுதுனாங்க.
இங்க கெட்டுப்போன பீஸை
எண்ணிக்கையில சேக்க மாட்டாங்கல்ல, தனக்கொடி.
அங்க சேத்தாங்க.

அவரு ஜெராக்ஸோட வந்தாரு. ஒருத்தரும் அதை வாங்கலை.
கார்டை வாங்கி, வண்டியை எடுக்காம,
வெயில்லயே நின்னு படிச்சாரு.
ஒண்ணும் பேசலை.
வழக்கமா எகிறிக் குதிக்கிற ஸ்பீடு பிரேக்கர்ல எல்லாம்
அன்னைக்கு வண்டி நின்னு நின்னு ஏறுச்சு.

சூப்பர்வைசர் வர்றான். நூலைக் கோரு.
மாத்திரையைச் சாப்பிட்ட பொறவு போடு, குமட்டாது.
ஆங், சில்லறை ரெண்டு ரூபா வெச்சுக்க.
உங்க வீட்டுக்காரருக்கும்
ஜெராக்ஸ் எடுக்கிற வேலை வரலாம்.