சீட்டு எண்

பகாவில் இரவு பதினொன்றே முக்காலுக்கு மழை பிடித்தது.
ரௌட்டரில் பச்சை விளக்கு
சிவப்பாகி, மறுபடி பச்சையாகி,
ஏதோ சொல்ல வந்து மறந்த முகம் போல.

நான் எழுதிய நிரல் நாற்பது வரி.
பிட்காயின் இந்த விலைக்குக் கீழே இறங்கினால்
அறுநூறு வெள்ளிக்கு வாங்கு.
அவ்வளவுதான்.
பேராசை இல்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்ட தொகை.

சந்தைக்கு என்னைத் தெரியாது.
என் நீளமான சாவி தெரியும்,
ரகசியச் சாவியால் நான் இடும் ஒப்பம் தெரியும்.
என் கணினிக் கடிகாரம் ஐந்து நொடி பிந்தினால்
காலம் கடந்த கோரிக்கை என்று
கதவைச் சாத்தத் தெரியும்.
மில்லுக்கு இருபது நிமிடம் பிந்திப் போனாலும்
கிராணி சிவநேசன் முறைப்பதோடு சரி.

விலை இறங்கியது.
நிரல் கட்டளையை அனுப்பியது.
பத்து நொடி.
பதில் இல்லை.

பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பு:
இதுவும் நான் எழுதியதுதான்,
முப்பத்தோராவது வரி.

மழை விட்டதும் கணக்கைத் திறந்தேன்.
ஆயிரத்து இருநூறு.
இரண்டு முறை வாங்கியிருந்தது.
இரண்டாவது அறுநூறு
இந்த மாதக் கார் தவணை.

முதல் கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
பதில்தான் வழியில் எங்கோ
நனைந்து நின்றுவிட்டது.

பகலில் எனக்கு எடைமேடை வேலை.
செம்பனைக் குலையோடு லாரி ஏறி நிற்கும்.
எண்கள் நடுங்கி நடுங்கி ஓர் இடத்தில் அடங்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
போன வாரம் ஆ கியோங்
காலையில் தந்த சீட்டையே
மத்தியானம் மறுபடி நீட்டினான்,
எண்ணெய் விரல் ரேகையோடு.
'பெலும், தங்காச்சி, பெலும்.'
இன்னும் எடை போடவில்லையாம்.
48817.
'சுடா' என்றேன்,
தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கட்டளைக்கும் ஓர் எண் கொடுக்கலாமாம்.
நாமே கொடுக்கும் எண்.
எத்தனை முறை அனுப்பினாலும்
அந்தப் பக்கம் ஒன்றாகத்தான் கொள்ளும்.
ஆவணத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது,
நான் தாண்டிப் போன பத்தி.
நாள் முழுக்க நான் செய்கிற வேலையே
வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததும்
யாரோ என்று நினைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு நாற்பத்தோராவது வரியைச் சேர்த்தேன்.
விலை அப்போதும் இறங்கிக்கொண்டிருந்தது,
இரண்டு பங்காய்.

தம்பி கோகுலனுக்கு அனுப்பிய மன்னிப்புக்கு
நான்கு நாளாகப் பதில் இல்லை.
அதே வார்த்தைகளை மறுபடி தட்டினேன்.
விரல் அனுப்பும் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் நின்றது.
அழித்தேன்.

ஆறரைக்கு முதல் லாரி.
49204.