கொசு உள்ளான்

இரவுப் பணி முடிந்து எழுந்தபோது
கடைசி லாரி இருபத்தெட்டு டன் நானூறு கிலோ.
ஓட்டுநர் ரசீதை உதட்டில் கவ்விக்கொண்டு
கியர் மாற்றினார். அத்திப்பட்டுப் பக்கம் வானம்
கழுவாத டீ கிளாஸ்போல் வெளுத்தது.

ஷேர் ஆட்டோவில் வீடுவரை போகாமல்
எண்ணூர்க் கழிமுகப் பாலத்தில் இறங்கிக்கொண்டேன்.
மாசி பிறந்ததிலிருந்து இப்படித்தான்.
லோடு அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பர்மா பஜாரில் வாங்கிய பைனாகுலர்,
இடது குழலில் மட்டும்தான் உலகம் கூர்மை.
வலதில் பூஞ்சை படர்ந்து எப்போதும் மார்கழி.
ஒற்றைக் கண்ணில் வந்து இறங்கின
நெடுங்கால் உள்ளான் பதினேழு,
அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின்
தலைகீழ் நிழலில் சிவந்த கால்களை ஊன்றிக்கொண்டு.
பூநாரை நாற்பதா, நாற்பத்தொன்றா?
ஒன்று தலையை நீருக்குள் விட்டது விட்டதுதான்.

கொசு உள்ளான்களைத்தான் தேடி வந்தேன்.
குழாய் உடைந்து சாம்பல் வழிந்த சேற்றில்
சாம்பல் முதுகோடு அவை நிற்பதே தெரியாது.
சேறு தானாக நடக்கிறது என்று நினைப்பீர்கள்.
தையல் மெஷின் ஊசிபோல அலகு
ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
கரையை எதனோடோ சேர்த்துத் தைக்கிறது.

வந்தபோது இருபது கிராம் சொச்சம்.
போகும்முன் ஒன்றரை மடங்கு ஏற்றிக்கொள்ளுமாம்,
தோலுக்கடியில், கொழுப்பாக.
எனக்கு இது புரியும்.
சரக்கோடு எடை, காலி வண்டி எடை,
கழித்தால் வருவது அசல்.
அதை வைத்துத்தான் தூரத்துக்கு வாடகை.
இதற்கு சைபீரியா வரை.

எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு,
எண்ணிக்கொண்டிருக்கையில்
இடுப்பளவு நீரில் நகர்ந்து வந்தாள் தேசம்மா.
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி
இரண்டு கையாலும் அடிமண்ணைத் தடவி
இறால் பிடிக்கிறவள். என் வயசுதான்.
மொத்தக் கூட்டமும் எழும்பி
ஒரு திரும்பலில் வெள்ளை வயிறு காட்டி
மறு திரும்பலில் இல்லாமல் போனது.

"கொஞ்சம் நின்னிருக்கக் கூடாதா?" என்றேன்.
கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"நீ எண்றதுக்கு நான் நிக்கணுமா?
வத்தம் எனக்காவ நிக்குமா?"
பதில் இல்லை. கொஞ்சம் கழித்து அவளே,
"பத்து நாள்ல பூடும். வயித்தப் பாரு,
உருண்டு கீது" என்றாள்.
மறுபடி பல்லில் கயிறு.
பறியில் அன்றைக்கு ஒரு கை இறால்,
விரல் இடுக்கெல்லாம் கறுப்பு எண்ணெய்.

ஒன்று மட்டும் பறக்காமல் நின்றது.
வலது காலில் பச்சையாக ஒரு கொடி,
எங்கோ யாரோ உள்ளங்கையில் வைத்து மாட்டியது.
முதல் எழுத்து ஜே. அடுத்தது ஏழு, அல்லது ஒன்று.
மூன்றாவதன்மேல் சாம்பல்.
கழுவிக்கொள், கழுவிக்கொள் என்று
வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல,
தேசம்மா திரும்பிப் பார்த்தாள்.
அதன் பக்கமாகத் தண்ணீரைக் கையால் தள்ளினாள்.
சின்ன அலை. அது காலைத் தூக்கியது,
உதறியது, பறந்தது.
நோட்டில் எழுதினேன்: ஜே, ஏழு, கேள்விக்குறி.

பங்குனி நான்காம் தேதி விடியலில்
லாரி வராத இடைவெளியில்
எடைமேடையின் நடுவரை நடந்து வந்தது
ஒரு மஞ்சள் வாலாட்டி.
திரையில் சைபர்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
அது ஒப்புக்கொள்ளாது.
ரசீது அடிக்கலாமா என்று விரல் போனது.
பின்னால் ஹார்ன்.

பாலத்தில் இறங்கிப் பார்த்தேன்.
சேறு வெறும் சேறு.
பூநாரைகள் இருந்தன, எண்ணவில்லை.
தூரத்தில் தேசம்மாவின் தலை மட்டும்
நீர்மேல் நகர்ந்தது. கை காட்டவில்லை,
அவளுக்கு இரண்டு கையும் வேலையில்.

என்னடி இன்னைக்குச் சீக்கிரம் என்றாள் அம்மா.
லோடு போயிடுச்சும்மா என்றேன்.