தேசம் என்ற கட்டம்

பேரேட்டில் ஒன்பது கட்டங்கள்.
பெயர், தகப்பனார் பெயர், தொழில் என்று
எட்டையும் நிரப்பிவிட்டார்.
தேசம் என்ற கட்டத்தில் பேனாவை ஊன்றியவர்
எடுக்கவில்லை.
மழைக்கால நமுத்த தாள்.
மை ஊறி ஊறி
மிளகளவு, பிறகு நாவற்பழம் அளவு.

தொழில்: சணல் வியாபாரம்.
ஏற்காட்டில் காப்பி, மிளகு, ஆரஞ்சு.
சணலுக்கு இங்கென்ன வேலை என்று கேட்க வாயெடுத்தேன்.
கீழே சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை கட்டச் சாக்கு வேண்டுமே என்று
நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன்.
விடுதிக் குமாஸ்தாவுக்கு
இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் வேலை நிற்காது.

பதினோராம் அறைக்காரர் முந்தின நாளே வந்திருந்தார்,
ஆர்க்கிட் பூப் பார்க்க. தூதரகக் கார்,
நம்பர் பலகைமேல் சாக்குத்துணி.
இப்போது பூ இல்லை சார் என்றேன்.
காத்திருக்கிறேன் என்றார்.

கூடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.
அவ்வளவு பார்க்காமலிருக்க
வெகுநாள் பழக்கம் வேண்டும்.

மாலையில் ஏரி நடுவே எங்கள் படகு.
பனிமூட்டம். துடுப்பு இரண்டும் மேலே.
கரையில் குடையோடு நானும் காவல்காரன் சடையனும்.
தண்ணீர் குரலைக் கடத்தும் என்று
படித்தவர்களுக்குத் தெரியாதா?
ஒரே ஒரு சொல் கரையேறியது:
"ஹாஃப்."
கொஞ்சம் கழித்து, வேறு குரலில், மறுபடி அதே.
சடையனுக்குத் தெரிந்த ஹாஃப் முட்டையில் மட்டும்தான்.
நான் வானொலி கேட்கிறவன்.
தினமும் எல்லை தாண்டி வரும் ஜனத்தின் கணக்கு,
யாரோ வாடகைக்கு விட்ட மாடியில் கூடும் அமைச்சரவை.
இதில் எதைப் பாதியாக்குகிறார்கள்?

இரவு கல்கத்தாவுக்கு டிரங்கால் பதிந்தார்.
நாலரை மணி நேரம்
நனைந்த காலுறையோடு என் மேசைக்கு எதிரே.
சோறு வேண்டாம், வெந்நீர் போதும்.
லைன் கிடைத்தது.
மறுமுனையில் யாரோ அலோ, அலோ என்று,
பிறகு வங்காளத்தில் ஒரு பெயரைச் சொல்லி.
பேரேட்டில் இல்லாத பெயர்.
ரிசீவரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"கேன்சல்."

விடியுமுன் இறங்கிப் போய்விட்டார்கள்,
அதே இருபது வளைவுகளில்
ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு.

ஏட்டு பச்சமுத்து வந்தார், வெளிநாட்டார் படிவம் வாங்க.
"இவன் எந்த நாட்டுக்காரன்யா?"
"சணல்" என்றேன், பதற்றத்தில்.
எழுதிக்கொண்டு போனார்.

மார்கழி பிறந்த அன்று அந்தத் தேசமும் பிறந்தது.
பேப்பரில் அமைச்சர்கள் வரிசையாக நின்றார்கள்.
பூதக்கண்ணாடி வைத்து மீசை மீசையாகத் தேடினேன்.
சணல்காரர் இல்லை.
பாதிக்குச் சம்மதித்ததாலா,
மறுத்ததாலா?

டிரங்கால் ரத்துக் கட்டணம் ஒன்றேகால் ரூபாயை
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
கேட்டு எழுதலாம்தான்.
இப்போது தபால் தலையோடு அகதிகளுக்கென்று
ஐந்து பைசா அதிகம் ஒட்ட வேண்டும். ஒட்டினேன்.
விலாசம் எழுதுமிடத்தில்
பேனாவை ஊன்றியபடி இருக்கிறேன்.
உறையும் கொஞ்சம் நமுத்துத்தான் போயிருக்கிறது.