இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி

புதுவயல் ஆலையில் மூன்றாம் ஷிப்ட் சங்கு.
ஒரு லிட்டர் கொதித்தாறிய நீர், ஒரு பொட்டலம்.
இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி.
கக்கினால் பத்து நிமிடம் பொறு,
மறுபடி கரண்டி.

துணியில் சிவப்பாய் ஒரு நூல் இருந்ததால்தான்
காரைக்குடி டாக்டர் அந்த மருந்தை எழுதினார்.
"போன தடவை மிச்சத்தைக் கொடுத்துராதீங்க.
நிறுத்துற மாத்திரை கேக்கவே கேக்காதீங்க."

எதிர்வீட்டுச் சிகப்பி சொல்லிவிட்டுப் போனாள்:
தண்ணி குடுத்தா தண்ணியாத்தானே போகும்.
நான் வாய் திறக்கவில்லை.
எண்ணிக்கை தவறிவிடும்.

நூற்றுப் பன்னிரண்டா, பதின்மூன்றா
வைரவன் சிணுங்கினான்.
கண்ணோரம் விரல் வைத்துப் பார்த்தேன்:
ஈரமில்லை.

விடியுமுன்
மடியில் வெதுவெதுப்பு.
கடும் மஞ்சளாய், ஒரு கைப்பிடி அளவு
மூத்திரம்.

ஆலையிலிருந்து அவர் வந்து
தொட்டுப் பார்க்கட்டுமென்று
சேலையை மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்,
அடுத்த கரண்டியோடு.